ஐந்து டன் செய்தி

மைசூரில் ஆகஸ்ட் பிறந்தால் யானையை எடை போடுவார்கள். காட்டு முகாம்களிலிருந்து வந்து அரண்மனை வாசலில் ஆரத்தி எடுத்துக்கொண்ட தசரா யானைகள், ஓரிரு நாள் இளைப்பாறிவிட்டு, தன்வந்திரி சாலையிலுள்ள லாரி எடைமேடைக்கு வரிசையாக நடந்து போகும். போலீஸ் வழிவிடச் செய்யும். வனத்துறை அதிகாரி, கால்நடை மருத்துவர், கூடவே கேமரா பட்டாளம். ஒவ்வொரு யானையாக ஏறி நிற்க, திரையில் எண் மின்னும். 2024-இல் அபிமன்யு 5,560 கிலோ. மறுநாள் தாள்களில் கட்டம் கட்டிய பட்டியல்: யானையின் பெயர், எடை, போன வருட எடை. சில வாரம் கழித்து மறுபடி எடை. ஏறியிருந்தால் எத்தனை கிலோ, எதனால் ஏறியது, உளுந்தா, பச்சைப்பயறா, வெண்ணெயா என்று தனிச்செய்தி.

யானை மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. 750 கிலோ அம்பாரியைச் சுமந்துகொண்டு அத்தனை இரைச்சலுக்கு நடுவே நடக்கிற ஜீவன். அதன் உடம்பைக் கவனிக்கத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது எடைமேடையைப் பற்றி.

மைசூர், மண்டியா, சாமராஜநகர் மூன்று மாவட்டத்துக் கரும்பும் இதே மாதிரி எடைமேடைகளில்தான் ஏறுகிறது. ஒரு வருஷம் வயலில் நின்ற பயிர். வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து, வெட்டுக்கூலி கொடுத்து, லோடு ஏற்றி, ஆலை வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று, வெயிலில் காய்ந்து, காய்ந்த அளவுக்கு எடையும் இழந்து, கடைசியில் மேடையேறும். அங்கே கேமரா இல்லை. மேடை ஆலையுடையது. எடைச்சீட்டு அடிப்பவர் ஆலையின் சம்பளக்காரர். கரும்பில் சர்க்கரை எத்தனை சதம் என்று பார்க்கும் ஆய்வகமும் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. அந்த ரெக்கவரியை வைத்துத்தான் விலை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, ரெக்கவரி 10.25 சதம் இருந்தால் டன்னுக்கு 3,550 ரூபாய். அதிலிருந்து 0.1 இறங்கினால் டன்னுக்கு 34 ரூபாய் 60 காசு போச்சு. அந்தப் புள்ளியைப் போடுகிற பேனா யார் கையில் இருக்கிறது? வாங்குகிறவன் கையில். எடைக்கல்லும் அவனிடம், உரைகல்லும் அவனிடம். ஆலை வாசலுக்கு வெளியே, அரசாங்கமோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடமோ ஒரு எடைமேடை வைக்கட்டும் என்று கரும்பு விவசாயிகள் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார்கள்.

ஆக, இந்த ஊரில் யானையின் எடையில் ஒரு கிலோ கூடினால் குறைந்தால் நாலு பேர் கேட்பார்கள். கரும்பின் எடையில் ஒரு டன் குறைந்தால் அது விவசாயியின் மனப்பிராந்தி.

சரி, இதைக் கேட்க ஒரு நிருபர் வேண்டாமா? இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பைலைனே கிடைக்காதவருக்குப் பெயர் எதற்கு? நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம். தொழிலாளர், விவசாயம் இரண்டையும் அவர்தான் பார்க்கிறார். இரண்டையும் ஒருவரிடம் கொடுத்ததற்குக் காரணம், இரண்டிலும் விளம்பரம் வராது. போதாக்குறைக்கு வானிலை, மின்தடை அறிவிப்பு, மடாதிபதிகளின் பாதயாத்திரையும் அவர் தலையில். நாட்டில் உழைக்கிறவர்களில் பெரும்பாலோர் நிலத்திலோ பட்டறையிலோ கூலிக்கோ வேலை பார்க்கிறவர்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து அரை நிருபர். பங்குச்சந்தைக்கு மட்டும் ஒரு முழு டெஸ்க்.

நம்ம ஆள் ஒரு நாள் ஆலை வாசலில் விடிய விடிய நின்று, எடைச்சீட்டுகளைப் படம் பிடித்து, செய்தியோடு அலுவலகம் வருகிறார்.

"புதுசா என்னப்பா இதுல?" என்கிறார் தலைமைத் துணையாசிரியர். "எடை குறையுதுன்னு அவங்க எப்பவும் சொல்றதுதானே."

"புதுசா ஒண்ணும் இல்ல சார். பழைய திருட்டுதான்."

"ஆலைத் தரப்பு வெர்ஷன்?"

"கேட்டுக்குள்ளேயே விடல சார்."

"அப்ப இது ஒரு தரப்புச் செய்தி. போட முடியாது."

யானை எடைக்கு யானைத் தரப்பு வெர்ஷன் வாங்கினோமா என்று நம்ம ஆள் கேட்கவில்லை. வீட்டு வாடகை இருக்கிறது. கிளம்பும்போது விளம்பரப் பிரிவுக்காரர் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கையில் கொடுக்கிறார். தசரா சிறப்பு மலருக்கு முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் வாங்கி வர வேண்டும். யாரிடம்? அதே ஆலையிடம். "உங்களுக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியுமே."

இதற்குப் பிறகும் அவர் விவசாயச் செய்தி எழுதுவதானால் அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. விவசாயி மூன்று வழியில் செய்தியாகலாம்: சாக வேண்டும், எரிக்க வேண்டும், வழியை மறிக்க வேண்டும். 2015 ஜூனில் மண்டியா மாவட்டத்தில் ஒரு கரும்பு விவசாயி தன் வயலுக்குத் தீ வைத்து அந்தத் தீயிலேயே விழுந்தார். அதுவரை ஆலைகள் வைத்திருந்த பாக்கியைப் பற்றிப் பேச நேரமில்லாத சேனல்களெல்லாம் ஒரே நாளில் ஊருக்குள் வந்தன. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதம் வட்டி என்று 1966-ஆம் வருடத்து ஆணை இருக்கிறது. அந்த ஆணை மீறப்படும் 15-ஆம் நாள் செய்தி கிடையாது. செய்தியாவதற்கு ஓர் உயிர் வேகவேண்டியிருந்தது.

2025 நவம்பரில் பெலகாவி பக்கம் குர்லாபூரில் டன்னுக்கு 3,500 கேட்டு விவசாயிகள் நாள்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 3,300-க்கு அரசு ஒத்துவந்தது. அதே மாதம் பாகல்கோட்டை மாவட்டத்தில் கரும்பு ஏற்றிய ட்ராக்டர்கள் தீப்பிடித்து எரிந்தபோது வந்த கேமராக்களில் பாதி, கணக்குப் புத்தகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் வந்திருந்தால் ட்ராக்டர் எரிந்திருக்குமா? மறியல் என்றால் தலைப்பு தயாராகவே இருக்கும்: போக்குவரத்து பாதிப்பு, பொதுமக்கள் அவதி. மறித்தவன் பொதுமக்களில் சேர்த்தி இல்லை.

கர்நாடகத்தைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். 2017-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தது நினைவிருக்கும். வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி என்று மனுவில் எழுதியிருந்ததை எத்தனை சேனல் படித்தது? எலியை வாயில் கவ்வியபோது எல்லாரும் ஓடி வந்தார்கள். பல் பட்டதா படவில்லையா என்பது வரைக்கும் ஆராய்ந்தார்கள். கடன் எவ்வளவு என்று கேட்டவர்கள் குறைவு. வெண்மணியில் 1968-இல் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்ததையே இரு தரப்பு விவசாயிகள் மோதல் என்ற ரீதியில் எழுதித் தள்ளிய பரம்பரை நம்முடையது. பொங்கலன்று உழவு அதிகாரத்திலிருந்து ஒரு குறளை முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் மிச்ச 364 நாளுக்கும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

செத்துப்போகாமல், எதையும் எரிக்காமல் செய்தியாக ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. விவசாயி முதலில் ஐடி கம்பெனியில் வேலை பார்த்திருக்க வேண்டும். லட்சத்தில் சம்பளத்தை உதறிவிட்டு டிராகன் பழம் பயிரிட்டால் அரைப்பக்கம், கலர் படம், தொப்பியோடு. கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் நிலம் வாங்குவதைத் தடுத்துவந்த 79ஏ, 79பி பிரிவுகளை 2020-இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே இந்த வகை விவசாயிகளுக்கு இனிப் பஞ்சமிராது. ஹுன்சூர், பெரியபட்டணா பக்கம் தலைமுறையாகப் புகையிலை போட்டு, கொட்டடியில் விறகெரித்து இலையைப் பதப்படுத்தி, ஏல மேடையில் வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்டிவிட்டு வீடு திரும்புகிறவனுக்குப் படம் கிடையாது. அவன் எதையும் உதறவில்லையே! தசராவில் அவனுக்கென்று 'ரைத தசரா' ஒன்று வைத்திருக்கிறார்கள். மாட்டு வண்டி ஊர்வலம், பால் கறக்கும் போட்டி, மூட்டை தூக்கும் போட்டி. விலையில் தோற்றவனை விளையாட்டில் ஜெயிக்கவைத்து மேடையில் சால்வை போடுவார்கள்.

சால்வையும் பச்சைத் துண்டும் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் விவசாயத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் பச்சைத் துண்டைக் கண்டால் மின்வாரியக்காரர் மிரண்டது போல, இங்கே பேராசிரியர் நஞ்சுண்டசாமி காலத்தில் கடன் வசூலுக்கு ஊருக்குள் நுழைய அதிகாரிகள் யோசித்தார்கள். மைசூரில் பிறந்து சட்டம் சொல்லிக்கொடுத்த மனிதர். 1980-இல் கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தைக் கட்டியவர்களில் முதன்மையானவர். முன் அனுமதியின்றி அதிகாரிகள் உள்ளே வரக்கூடாது என்று ஊர் எல்லையில் பலகையே வைத்தது அந்தச் சங்கம். 2004-இல் அவர் போனார். துண்டு தங்கிவிட்டது. அதை இப்போது யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 2008 மே 30 அன்று எடியூரப்பா கடவுள் பெயராலும் விவசாயிகள் பெயராலும் முதல்வராகப் பதவியேற்றார். சரியாகப் பதினோராம் நாள், ஜூன் 10, ஹாவேரியில் உரம் கேட்டு நின்ற விவசாயிகள் மேல் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் போய்விட்டார்கள். கேட்டது நிலம் இல்லை, ஆட்சி இல்லை. ஒரு மூட்டை உரம். காசு கொடுத்து வாங்க வந்தவர்கள்.

ஆட்சி மாறியது, துண்டு தோள் மாறியது. 2023-இல் கரும்பு வளர்ச்சித் துறை அமைச்சர் சிவானந்த பாட்டீல் — ஹாவேரி மாவட்டப் பொறுப்பும் அவரிடமே — தற்கொலைக்கு நிவாரணம் ஐந்து லட்சமாக உயர்ந்தபின் தற்கொலைக் கணக்கு கூடுகிறது என்ற பொருளில் பேசினார். அந்த வருட டிசம்பரில், கடன் தள்ளுபடியாகும் என்று விவசாயிகள் மறுபடி மறுபடி வறட்சி வர ஆசைப்படுகிறார்கள் என்றும் கண்டுபிடித்துச் சொன்னார். அவர் கையில் இருக்கும் துறை கரும்பு. குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் கர்நாடகத்தில் விவசாயத் துறையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 2,392 பேர்; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அமைச்சர் கணக்குப்படி பார்த்தால் ஐந்து லட்சம் சம்பாதிக்கத் தெரிந்த 2,392 சாமர்த்தியசாலிகள். நம்ம ஆள் இந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தார். 'அமைச்சர் பேச்சால் சர்ச்சை' என்று வந்தது. சர்ச்சையாம்! ஒருவர் செத்தவன் பிணத்தின் மேல் வாய் வைக்கிறார், பத்திரிகை அதை இரண்டு பட்டிமன்றக்காரர்களுக்கு நடுவே நடந்த கருத்து மோதல் மாதிரி எழுதுகிறது.

தொழிலாளர் பக்கம் வருவோம். பக்கம் என்று ஒன்று இல்லை, பேச்சுக்குச் சொல்கிறேன்.

மைசூரில் 1960-லிருந்து 1996 வரை ஐடியல் ஜாவா ஓடியது. ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் இங்கேயிருந்துதான் நாடெங்கும் போயின. இன்றைக்கும் ஜூலை மாதம் பழைய வண்டிகளைத் துடைத்துப் பளபளவென்று எடுத்துக்கொண்டு ரசிகர்கள் ஊர்வலம் விடுகிறார்கள். தாள்களில் படம், புகைபோக்கியின் சத்தத்தைப் பற்றி ஒரு பாரா. அந்தப் புகைபோக்கியை வளைத்தவன் என்ன ஆனான் என்று கேட்டால் நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. நாட்டிலேயே தூய்மையான நகரம் என்று 2015-இலும் 2016-இலும் மைசூருக்கு முதலிடம் கிடைத்தபோதும் அப்படித்தான்: கமிஷனர் பேட்டி, மேயர் பேட்டி, அரண்மனைப் படம். 2022 ஜூலையில் மாநிலம் முழுக்கப் பௌரகார்மிகர்கள், அதாவது துப்புரவுப் பணியாளர்கள், ஒப்பந்த முறையை ஒழித்து வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். அப்போது வந்த செய்தி குப்பையைப் பற்றி. எத்தனை தெருவில் தேங்கியது, எவ்வளவு நாறியது என்று.

இதில் சிறுத்தைக் கதை தனி. 2024 டிசம்பர் 31 அன்று மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள் ஒரு சிறுத்தை தென்பட்டது. ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். ட்ரோன், கூண்டு, வனத்துறை, நேரலை. சிறுத்தை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நிபுணர்கள் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். ஐந்தே வாரம். 2025 பிப்ரவரி 7 அன்று அதே வளாகத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் தேர்வில் தேறவில்லை என்று வெளியேற்றப்பட்டார்கள். வேலை ஆணையை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து சேர்ந்தவர்கள் அதில் பலர். ஐடி ஊழியர் அமைப்பு ஒன்று டெல்லிக்குப் புகார் அனுப்பியது. தொழிலாளர் துறை வந்து பார்த்தது. பயிற்சியாளர்கள் வழக்கமான ஊழியர் வரையறைக்குள் வரமாட்டார்கள், சட்டமீறல் ஒன்றும் தென்படவில்லை என்று அறிக்கை தந்துவிட்டுப் போனது. சிறுத்தைக்கு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டுமானால் கூண்டு, மயக்க ஊசி, மருத்துவர் எல்லாம் வேண்டும். பயிற்சியாளரை வெளியேற்ற ஒரு மாலைநேரம் போதுமாயிருந்தது. வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்தவர் உருவாக்கிய கம்பெனி. உழைக்க வந்தவனுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்கூட மிச்சம் வைக்கவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூரிலிருந்து கூப்பிடு தூரம். 2020 ஜூனில், கொரோனா நடுவில், அங்கே கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையை மூடினார்கள். 1,200 பேருக்கு மேல் வேலை போனது. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் சங்கத்தில் இருந்தவர்கள். எச் அண்ட் எம் சட்டைகள் தைத்தவர்கள் அவர்கள். வாரக்கணக்கில் ஆலையிலேயே உட்கார்ந்தார்கள். ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் அவர்களைப் பற்றி எழுதினார்கள். கடைசியில் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு இண்டஸ்ட்ரிஆல் நடுவில் நின்று, வேலை போனவர்களை மறுபடி எடுத்துக்கொள்ள அடுத்த வருடம் ஒப்பந்தம் போடவைத்தது. பெரும்பாலும் பெண்களே கட்டிக் காப்பாற்றிய ஒரு போராட்டம் பாதி வழியாவது ஜெயித்திருக்கிறது. இதைவிடப் பெரிய செய்தி அந்த வருடம் இந்தப் பக்கம் என்ன நடந்தது? நம்ம ஆளுக்குக் கிடைத்த இடம், கொரோனா எண்ணிக்கைக்கும் ராசி பலனுக்கும் நடுவே இருந்த சந்து.

அதே 2020 டிசம்பர் 12 அன்று கோலார் நரசாபுராவில் விஸ்ட்ரான் ஐஃபோன் தொழிற்சாலையில் கண்ணாடி உடைந்ததும் நாடே திரும்பியது. 437 கோடி நஷ்டம் என்று கம்பெனி போலீசில் எழுதிக் கொடுத்தது. சேனல்கள் அந்த எண்ணைத் திரையில் ஒட்டிவைத்தன. சில நாளில் தைவான் பங்குச்சந்தைக்குச் சொன்ன கணக்கில் அது சுமார் 26-லிருந்து 52 கோடியாகச் சுருங்கியது. அப்புறம், சில தொழிலாளர்களுக்குச் சரியாக, நேரத்துக்குச் சம்பளம் போகவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, இந்தியப் பொறுப்பிலிருந்த துணைத்தலைவரை நீக்கியது. உடைத்தவர்கள் என்று நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகி ஜெயிலில் இருந்தார்கள். ஒரு மாதக் கூலியைக் காலந்தாழ்த்துவது நிர்வாகக் கோளாறு, ஒரு கண்ணாடியை உடைப்பது வன்முறை. இந்த அகராதி எந்தச் செய்தி அறையிலும் அச்சாகி மாட்டப்படவில்லை, எல்லாருக்கும் மனப்பாடம். 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்கச் சட்டத்தைத் திருத்தியது. தொழிலுக்கு இணக்கமான சூழல் என்று தலையங்கம் வந்தது. எழுதியவர் எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போயிருப்பார்.

ஸ்ரீபெரும்புதூரில் 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே நின்றதற்கு நம்மூர் விவாத மேடையில் என்ன கேள்வி? சங்கம் வைத்தால் முதலீடு ஓடிவிடாதா என்பதே. சங்கம் வைக்கும் உரிமை 1926-லேயே சட்டமாகிவிட்டதே என்று யாராவது சொன்னால் விளம்பர இடைவேளை.

விவசாயிக்கு மரியாதை கிடைக்கிற பருவம் ஒன்றே ஒன்று இருக்கிறது. காவிரி. கிருஷ்ணராஜ சாகர் 124.80 அடியை எட்டாமல் கீழே கிடந்தால் போதும், மண்டியா விவசாயி திடீரென்று அன்னதாதா ஆகிவிடுவான். மேட்டூர் இறங்கினால் தஞ்சை விவசாயி தமிழினத்தின் முதுகெலும்பு. இருவர் வாயிலும் மைக் நுழையும். மண்டியாக்காரர் "தண்ணியும் வேணும், கரும்புக்கு விலையும் வேணும்" என்பார். ஒளிபரப்பில் முதல் பாதி மட்டும் வரும். 2003-இல் சென்னை ஆராய்ச்சியாளர் ஜனகராஜன் முயற்சியில் இரண்டு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்றுகூடி, ஒருவர் வயலுக்கு ஒருவர் போய்ப் பார்த்தார்கள். எதிராளி வயலும் வெடித்துத்தான் கிடக்கிறது என்று கண்ணால் கண்டார்கள். அதற்கு எந்தச் சேனலும் வேன் அனுப்பிய ஞாபகம் எனக்கில்லை. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்ததற்கு வேன் பற்றாக்குறை வந்தது.

பெங்களூர் - மைசூர் விரைவுச்சாலையை மட்டும் விட்டுவிட மனசில்லை. 118 கிலோமீட்டர், எட்டாயிரத்துச் சொச்சம் கோடி, 2023 மார்ச்சில் பிரதமர் மண்டியாவுக்கே வந்து திறந்துவைத்தார். கரும்புக் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிற சாலை. அதே வருட ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, ட்ராக்டர் மூன்றுக்கும் அதில் தடை. நிலத்தைக் கொடுத்தவனின் வண்டி சர்வீஸ் ரோட்டில் குலுங்கிக்கொண்டு போக, பக்கத்தில் நம்ம ஆளின் பைக்கும் குலுங்கிக்கொண்டு போகிறது, பெங்களூரில் நடக்கும் விவசாயிகள் கூட்டத்துக்கு. பெட்ரோல் காசு அவருடையது.

2006-இல் மும்பை ஃபேஷன் வாரத்துக்கு 512 நிருபர்கள் அனுமதிச் சீட்டோடு வந்து பருத்தி உடைகளைப் பற்றி எழுதினார்கள்; அந்தப் பருத்தியை விளைவித்து விதர்பாவில் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்க வெளியிலிருந்து போனவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியதை நம்ம ஆள் கல்லூரியில் படித்தார். படித்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தார். விளம்பரமே வாங்காமல் லங்கேஷ் ஒரு வாரப் பத்திரிகை நடத்தி முதலமைச்சர்களைக் கலங்கடித்த மாநிலம் என்ற நம்பிக்கை வேறு. பாவம்.

அவர் சம்பளக் கதையைக் கேளுங்கள். அவருக்குச் சம்பளமே கிடையாது, லைனேஜ். அச்சில் வந்த அளவுக்குக் காசு. யானை எடை வந்தால் காசு, கரும்பு எடை வராததால் காசில்லை. பத்திரிகை ஊழியருக்கென்று மஜீதியா ஊதியக் குழு சிபாரிசு செய்ததை 2011-இல் அரசு அறிவித்தது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014 பிப்ரவரியில் தோற்றார்கள். தோற்றபின்பும் கொடுக்காததால் அவமதிப்பு வழக்கு நடந்து 2017-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அடுத்த வீட்டு நாய் குரைத்தாலும் எழுதுகிற தாள்கள், தம் வீட்டில் நடந்த இந்த வழக்கை எத்தனை வரி எழுதின? 2022 தீபாவளிக்கு முதல்வர் அலுவலகத்திலிருந்து வந்த இனிப்புப் பெட்டியில் லட்சக்கணக்கில் பணம் இருந்ததாகப் பெங்களூர் நிருபர்கள் சிலர் சொல்லித் திருப்பியனுப்பினார்கள். லோக்ஆயுக்தாவுக்குப் புகார் போனது. அப்படி எதுவும் கொடுக்கச் சொல்லவில்லை என்றார் முதல்வர் பொம்மை. தொழிலாளர் செய்தி எழுதுகிறவருக்குப் பெட்டி வந்ததாக யாரும் குற்றம்கூடச் சாட்டவில்லை. ஊழலுக்குக்கூட லாயக்கில்லாத துறை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் அதற்குள் கரைந்தன. அவற்றில் 1955-ஆம் வருடத்து உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும் ஒன்று. நம்ம ஆளிடம் அன்று கேட்ட செய்தி: தொழிலதிபர்கள் வரவேற்பு. நாலு பேரிடம் பேசி எழுதிக் கொடுத்தார். நல்ல இடம் கிடைத்தது.

ஏழெட்டு மாத லைனேஜ் பாக்கி நின்றதும் அவர் ஒரு மனுவோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். வராண்டாவில் மூடிய ஒரு கார்மென்ட்ஸின் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்கண்ணா, எங்க நியூஸ் எப்ப வரும்?" என்றாள் ஒருத்தி. உள்ளே அதிகாரி நாற்காலி போட்டு, டீ சொல்லி, மனுவைப் புரட்டினார்.

"அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கா?"

"இல்ல சார். ஐடி கார்டு இருக்கு."

"இதுல பங்களிப்பாளர்னுதானே போட்டிருக்கு. நீங்க ஊழியர் வரையறைக்குள்ள வரமாட்டீங்களே." மனுவை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். "வந்தது வந்தீங்க. நாளைக்கு நம்ம ஆபீஸ் புதுக் கட்டடத்துக்குப் பூமி பூஜை. பொறுப்பு அமைச்சர் வர்றார். கொஞ்சம் நல்லாப் போட்டுவிடுங்க."

மூன்று காலம், படத்தோடு வந்தது. அந்த மாதம் அவர் சம்பாதித்ததில் பாதி அதுதான். அதுவும் பாக்கியில் சேர்ந்திருக்கிறது.